போப்பைப் பற்றி ஐரீன் ஷ்ரோடரின் அபிப்பிராயம்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு பொடி எழுத்து வரியிலிருந்து பிறந்தது.

முடிவெட்டும் கடையில் என் முறைக்காகக் காத்திருந்தேன். மேசையில் ஒரு பழைய செய்தித்தாள் கிடந்தது. அதில் ஒரு கருத்துக்கணிப்பு. போப்பாண்டவரைப் பற்றி அமெரிக்கர்கள் என்ன நினைக்கிறார்கள்? கத்தோலிக்கர்களில் இத்தனை பேருக்கு நல்ல அபிப்பிராயம், இத்தனை பேருக்குக் கெட்ட அபிப்பிராயம். மற்ற சபைக்காரர்களில் இத்தனை, சபையே இல்லாதவர்களில் இத்தனை. வாரந்தவறாமல் கோவிலுக்குப் போகிறவர்களில் இத்தனை, கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் போகிறவர்களில் இத்தனை. பிறகு இந்தக் கட்சி, அந்தக் கட்சி. ரோமாபுரியில் உட்கார்ந்திருக்கும் ஒரு வயதானவரை இத்தனை துண்டாக வெட்டி எடை போடலாம் என்று எனக்கு அதுவரை தெரியாது. அந்த எண்களையெல்லாம் மறந்துவிட்டேன். மறக்காமல் நின்றது அடியில் இருந்த கடைசி வரிதான். மீதிப் பேர் "தெரியாது" என்று சொன்னார்களாம்.

தெரியாதா? கத்தோலிக்கருக்கா? போப்பைப் பற்றியா?

நான் இருக்கும் பேட்டை பஃபலோ நகரத்தை ஒட்டிய போலந்துக்காரர் பேட்டை. இங்கே வந்து காலம் ஆகிவிட்டது. பல் டாக்டரிடம் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருப்பவர்கூட, போப் என்ற சொல் காதில் விழுந்தால் பஞ்சைத் துப்பிவிட்டு இரண்டு வார்த்தை சொல்லாமல் விடமாட்டார். அந்த இரண்டு வார்த்தை புகழ்ச்சியா வசவா என்பது ஆளைப் பொறுத்தது. இப்படிப்பட்ட சனத்துக்கு நடுவே "தெரியாது" என்று ஒருவர் சொன்னார் என்றால், அவர் யார்? ஏன் சொன்னார்? முடிவெட்டுகிறவர் கூப்பிட்டதுகூடக் காதில் விழவில்லை எனக்கு.

அந்த ஆளைத் தேடித்தான் இந்தக் கதை.

(அடிக்குறிப்பு போல ஒன்று: எந்தப் போப் என்று கேட்காதீர்கள். சொல்லமாட்டேன். நான் இங்கே வந்த பிறகு ஒருவர் போய் ஒருவர் வந்தார்கள். ஆள் மாறினாலும் சண்டை மாறவில்லை. இன்னொன்று: நான் கத்தோலிக்கன் அல்லன். மீனுக்காகக் கோவிலுக்குப் போகிறவன். அது என்ன மீன் என்பது வருகிறது.)

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

"ஈரி ஏரியிலிருந்து கிளம்பிய பனிக்காற்று கோவிலின் மணிக்கூண்டை மெல்லத் தழுவியபோது..."

வேண்டாம். காற்று மணிக்கூண்டைத் தழுவிக்கொண்டிருந்தால் கதை எப்போது தொடங்குவது? படிக்கிறவர் போர்வையைத் தேடிப் போய்விடுவார்.

இரண்டாவது தொடக்கம்:

"ஐரீன் ஷ்ரோடர் ஒரு விதவை. தனியாக..."

இதையும் இங்கேயே நிறுத்தினேன். கதை என்றால் கொஞ்சம் சோகம் வேண்டுமே என்று அவசரப்பட்டு அவள் புருஷனைக் கொன்றுவிட்டேன். பிறகு யோசித்தால், அவன் போய்விட்டால் வீட்டில் சண்டையை யார் போடுவது? மன்னிப்புக் கேட்டு எழுப்பி உட்கார வைத்தேன். பெயர் கிளென். பனிக்காலத்தில் சாலையில் பனி வாரும் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவன். பிழைத்து எழுந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, "மீன் ஆறிடுச்சா?" பிடித்துப்போய்விட்டது எனக்கு. சாகடிக்க இருந்தேனே, பாவி.

மூன்றாவது தொடக்கத்தில், ஐரீன் வீட்டில் தனியாக இருக்கும்போது போன் வருகிறது. கருத்துக்கணிப்புக்காரப் பெண் போப்பைப் பற்றிக் கேட்கிறாள். ஐரீன் "தெரியாது" என்கிறாள். போனை வைக்கிறாள். கதை முடிந்தது.

நாலு வரிதான். ஐரீனுக்கு ஏன் தெரியாது என்பது எனக்கே தெரியவில்லை. ஆகவே அவளை அந்த வீட்டிலிருந்து கிளப்பி, தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், கோவில் கூடத்தின் சமையல்கட்டில் கொண்டுபோய் நிறுத்தினேன். இரண்டு கையிலும் முழங்கை வரை மாவு. ஒரு பக்கம் புருஷன், இன்னொரு பக்கம் தம்பி. இப்போது அடிக்கட்டும் போன்.

3

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் வெள்ளி என்றால் சுத்தபோசனம். கறி கூடாது, மீன் ஆகலாம். அந்த ஓர் இடைவெளியில் எங்கள் பேட்டையே நுழைந்துகொள்ளும். கோவிலுக்கு அடியில் இருக்கும் கூடத்தில் நீள மேசை போட்டு, பீர் கலந்த மாவில் முக்கிப் பொரித்த ஹேடாக் மீன், முட்டைக்கோஸ் சாலட், கிழங்கு வைத்து அவித்த பியரோகிக் கொழுக்கட்டை, உருளைக்கிழங்கு சாலட் என்று தட்டு நிறையப் பரிமாறுவார்கள். கத்தோலிக்கர், மற்றவர், என்னைப் போன்றவர் எல்லோரும் வரிசையில் நிற்போம். தவம் என்ற பெயரில் இவ்வளவு ருசியாகச் சாப்பிடுகிற சனத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மாவு கரைப்பது ஐரீன். டூடெக் வீட்டுப் பெண். கிளென் ஷ்ரோடரைக் கட்டிக்கொண்டு ஷ்ரோடர் ஆனவள். பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தை வேலைக்காலம் முழுக்க மேய்த்தவள். அதனால் கூட்டம் என்றால் பயம் கிடையாது. மீன் பொரிப்பது அவள் தம்பி ஸ்டான் டூடெக். இரண்டு பெரிய எண்ணெய்ச் சட்டிகளும் அவனுடைய சொந்தச் சாமான். வெள்ளிதோறும் லாரியில் ஏற்றிக்கொண்டு வருவான். கிளென் போப்பை ஏற்காத லூத்தரன் சபைக்காரன். கல்யாணம் ஆன நாளிலிருந்து மனைவியோடு வருகிறான், மேசை துடைக்கிறான், குப்பை கொட்டுகிறான். சமையல்கட்டுக்குள் அவனை ஸ்டான் விட்டதில்லை.

ஆனாலும் இருவரும் உயிருக்குயிரான மைத்துனர்களாகத்தான் இருந்தார்கள், போன கிறிஸ்துமஸ் வரைக்கும். ஸ்டான் கிளெனை "ஷ்வாகியர்" என்றுதான் கூப்பிடுவான். போலந்துச் சொல். நம் மச்சானேதான். அப்படியே எழுதிவிடுகிறேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாப்பாட்டில் இவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆளுக்கு ஒரு மெல்லிய அப்பம் கொடுப்பார்கள், தாள் கனம்தான் இருக்கும். ஒருவர் அப்பத்தில் மற்றவர் ஒரு சில்லு ஒடித்து வாயில் போட்டுக்கொண்டு, வாழ்த்துச் சொல்லி, வருஷம் முழுக்க இருந்த மனத்தாங்கலை மன்னிக்க வேண்டும். ஒடித்த பிறகுதான் பீட்ரூட் சூப்பில் கரண்டி போடலாம். அன்றைக்குக் கிளென் தன் அப்பத்தை நீட்டிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருந்தானா?

"மச்சான், இந்தப் போப்பைப் பார்த்தா எனக்கே உங்க சபையில சேர்ந்துடலாம்போல இருக்குய்யா."

"அவரைப் பார்த்தா எனக்கு வெளிய போயிடலாம்போல இருக்கு," என்றான் ஸ்டான்.

"போயேன். ஒரு நாற்காலி காலியாகும். நான் உக்காந்துக்கறேன்."

விளையாட்டுப் பேச்சுதான். கிளென் சிரித்துக்கொண்டே சொன்னான். ஸ்டான் சிரிக்கவில்லை. தன் அப்பத்தை ஒடிக்கக் கொடுக்காமல் மேசைமேல் வைத்தான். "நான் பொறந்த கோவில்ல ஒரு லூத்தரன் எனக்கு நாற்காலிக் கணக்குப் பார்க்கறான்," என்று கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான். சூப் ஆறிப்போயிற்று. எல்லோரும் எழுந்த பிறகு ஐரீன் அந்த முழு அப்பத்தைக் காகிதக் கைக்குட்டையில் பொதிந்து கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

அதிலிருந்து இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. ஐரீன் வழியாகப் பேசுவார்கள்.

4

இந்த இடத்தில் ஸ்டானை எனக்குப் பிடிக்காமல் போயிற்று என்பதைச் சொல்ல வேண்டும். முதல் வரைவில் அவனை ஒரு சிடுமூஞ்சியாக எழுதினேன். புருவத்தைத் தடியாக்கினேன். இருமல் கொடுத்தேன். ஒரு நாயைக்கூட அதட்ட வைத்தேன்.

(ஐரீன் குறுக்கிட்டாள்: "என் தம்பி எந்த நாயையும் அதட்டினதில்ல. அந்த வரிய அடிச்சுடு." அடித்துவிட்டேன்.)

அவளுக்காக ஸ்டானை மறுபடி நிதானமாகப் பார்த்தேன். இரும்பாலை மூடியபோது வேலை போயிற்று. பெண்டாட்டி ஃப்ளோரிடா பக்கம் போனவள் வரவில்லை. பிள்ளைகள் போனில் இருக்கிறார்கள். அவனிடம் மிஞ்சியது எது என்றால், சின்ன வயதில் மனப்பாடம் செய்த விதிகள். வெள்ளியன்று கறி தொடக்கூடாது என்றால் தொடக்கூடாது. பட்டாளத்தில் இருந்தபோதும் தொட்டதில்லை. அப்படிப்பட்டவனுக்கு, ரோமாபுரியில் ஒருவர் எதற்கெடுத்தாலும் கதவைத் திறந்து வைக்கிறார் என்று கேட்டால் எப்படி இருக்கும்? "எல்லாரையும் மன்னிச்சுக்கிட்டே போனா, ஒழுங்கா இருந்தவன் மடையனா அக்கா?" என்று ஒருதரம் கேட்டான்.  

கிளென் பக்கமும் நியாயம் இருக்கிறது. புனித வாரத்தில் போப் குனிந்து யாரோ முகம் தெரியாதவர்களின் காலைக் கழுவுவதைத் தொலைக்காட்சியில் பார்த்தான். "இத்தனை வருஷம் லாரி ஓட்டினேன். என் மேஸ்திரி எவனும் எனக்காகக் குனிஞ்சதில்ல," என்றான். அவ்வளவுதான் அவனுடைய இறையியல். மோட்டார் கொட்டகையில் இருக்கும் குளிர்பெட்டிமேல் போப் படம் ஒன்றை ஒட்டி வைத்திருக்கிறான். வீட்டுக்குள் ஒட்ட ஐரீன் விடவில்லை. தம்பி வந்தால் பார்ப்பானே என்று.

ஐரீனுக்கு என்ன அபிப்பிராயம் என்று இருவரும் கேட்டதே இல்லை. டூடெக் இரத்தம், என் பக்கம்தான் என்று ஸ்டான் நினைத்துக்கொண்டான். பக்கத்தில் படுக்கிறவள், என் பக்கம்தான் என்று கிளென் நினைத்துக்கொண்டான்.

5

இனி அந்த வெள்ளிக்கிழமை. கதவு திறக்கக் கொஞ்ச நேரம் இருந்தது. சட்டியில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தபோது ஸ்டான் அக்காவிடம் சொன்னான்.

"இதான் கடைசி. அடுத்த வெள்ளிக்குச் சட்டி வராது. நானும் வரமாட்டேன்."

"டேய், விளையாடாத."

"விளையாடல. பழைய முறையில பூசை வைக்கிற கோவில் ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன். தூரம்தான். பரவால்ல. நீயும் வர்றதா இருந்தா வா."

"நான் எப்படிடா வர்றது?"

"அப்ப நீயும் அந்தப் போப் பக்கம்தானா? டூடெக்கா ஷ்ரோடரா, இன்னிக்குக் கடை கட்டறதுக்குள்ள சொல்லிடு அக்கா. ஷ்ரோடர்னா, ஈஸ்டர் சாப்பாட்டுக்கும் என்னை எதிர்பார்க்காத."

ஐரீன் மாவைக் கரைத்துக்கொண்டே இருந்தாள். வேறென்ன செய்வாள்? பெற்றவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். கூடப் பிறந்தவன் இவன் ஒருவன். இவனும் எழுந்து போய்விட்டால் தன்னை இன்னாருடைய மகள் என்று அறிந்த ஆள் மண்ணில் இல்லை. அதே சமயம், கட்டிக்கொண்டவனை விட்டுக்கொடுத்துப் பேசச் சொன்னால் அதுவும் அவளால் ஆகாது. மாவில் ஒரு சொட்டுக் கண்ணீர் விழுந்தது. உப்புத்தானே என்று கலக்கிவிட்டாள்.

கிளென் வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்தான். "ஐரீன், உன் தம்பிகிட்ட கேளு, குப்பை வாளி எங்க வைக்கணும்னு."

"அக்கா, உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு, போன வாரம் வச்ச இடத்துலயே வைக்கச் சொல்லி."

"போன வாரம் வச்ச இடத்துலதான் எவனோ சைக்கிள நிறுத்தியிருக்கான்னு சொல்லு."

"நகர்த்த கை இருக்கில்ல, கேளு."

"ரெண்டு பேரும் என்னை என்ன டெலிபோன் கம்பம்னு நினைச்சீங்களா?" என்று கத்தினாள் ஐரீன். வாளி நடு வழியிலேயே நின்றது.

இங்கே ஒரு கிழங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். பியரோகிக்குள் வைக்கும் கிழங்கு இல்லை. ஜெர்மன் முறையில் வெங்காயமும் வினிகரும் சேர்த்துச் சுடச்சுடப் பரிமாறும் உருளைக்கிழங்கு சாலட். வழக்கமாக அதைச் செய்து தரும் அம்மாளுக்கு இடுப்பில் ஆபரேஷன். "நான் செய்யறேன், எங்கம்மா கைப்பக்குவம்," என்று கிளென் முன்வந்தான். ஸ்டானுக்குச் சொல்லாமல், ஐரீன் கடைக்குப் போயிருந்த நேரத்தில் வீட்டிலேயே செய்து, பெரிய தட்டில் மூடி, எதுவும் தெரியாதவன் போலப் பரிமாறும் மேசையில் கொண்டுவந்து வைத்துவிட்டான்.

வழக்கம்போல, வரிசை தொடங்குவதற்கு முன் ஸ்டான் ஒரு தட்டு போட்டுக்கொண்டு நின்றபடியே சாப்பிட்டான். கிழங்கில் கரண்டி வைத்தான். முகம் மாறியது. இன்னொரு கரண்டி. பிறகு இன்னொரு தட்டு.

"அக்கா! இந்தக் கிழங்கு யாரு செஞ்சது?"

"ஏன்டா?"

"இத்தனை நாளா அந்த ஆளை எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க? தேவாமிர்தமா இருக்கு! இனிமே அவங்களையே செய்யச் சொல்லு."

ஐரீனுக்கு நெஞ்சு துள்ளியது. இதோ வழி! கிளென் செய்தது என்று சொன்னால் போதும், பாதிக் கோபம் கரைந்துவிடும். சொல்வதற்கு முன், பெருமைக்காக, தானும் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

புகை வாசம். உப்பு. பல்லில் சின்னதாக ஒரு மொறுமொறுப்பு.

பேக்கன். புகையிட்ட பன்றிக்கறி. வெங்காயத்துக்கும் முன்னால் அதைப் பொடியாக நறுக்கிப் போட்டு, அந்தக் கொழுப்பிலேயே வெங்காயத்தை வதக்கியிருக்கிறான். அவன் அம்மா அப்படித்தான் செய்வாள். லூத்தரன் வீட்டுப் பிள்ளைக்கு வெள்ளி என்பது சனிக்கு முந்தின நாள், அவ்வளவுதான். கறி கூடாது என்பது கிளெனுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் கிழங்கில் போடும் பன்றியை அவன் கறி என்று ஒருநாளும் நினைத்ததில்லை. உப்பு போல, மிளகு போல, அது கிழங்கோடு வருகிற சமாச்சாரம்.

"கிழங்குத் தட்டை உள்ள எடுங்க! தீர்ந்துடுச்சுன்னு சொல்லிடுங்க!" என்று பரிமாறும் பெண்களைப் பார்த்துக் கத்தினாள் ஐரீன். தட்டு நிறைய இருக்கிறதே என்று அவர்கள் விழித்தார்கள். விதி தவறாத ஸ்டான் இரண்டாவது தட்டை வழித்து நக்கிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் போன் அடித்தது.

6

ஐரீனுக்கு இரண்டு கையிலும் மாவு. கிளென் உள்ளே ஓடி வந்து அவள் ஏப்ரன் பையிலிருந்து போனை எடுத்து, பொத்தானை அழுத்தி, சத்தமாகக் கேட்கும்படி மேசைமேல் வைத்தான். ஒரு சின்னப் பெண்ணின் குரல். கருத்துக்கணிப்பாம். கொஞ்ச நேரம்தானாம். வேறு யாராக இருந்தாலும் துண்டித்திருப்பார்கள். ஐரீனுக்கு யாரையும் பாதிப் பேச்சில் வெட்ட மனசு வராது.

"உங்க மதம் என்ன மேடம்?"

"கத்தோலிக், கண்ணு."

"கோவிலுக்கு எப்பப்ப போவீங்க?"

"இப்பவே கோவில்லதான் இருக்கேன்."

"ரொம்ப நன்றி மேடம். இப்ப, போப்பைப் பத்தி உங்க அபிப்பிராயம். ரொம்ப நல்லது, ஓரளவு நல்லது, ஓரளவு கெட்டது, ரொம்பக் கெட்டது. இதுல எது?"

 ஸ்டான் இடுக்கியைக் கீழே வைத்தான். கிளென் துடைக்கும் துணியை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். இருவரும் ஐரீனையே பார்த்தார்கள்.

முடிவு ஒன்று: ஐரீன் "தெரியாது" என்றாள்.

இதற்காகத்தானே நான் இவ்வளவு தூரம் வந்தேன்? செய்தித்தாளின் கடைசி வரிக்கு ஆள் கிடைத்தாயிற்று. ஆனால் ஐரீன் என்னை முறைத்தாள். "தெரியாதுன்னு நான் எதுக்கு சொல்லணும்? பேசத் தெரிஞ்ச நாள்லேர்ந்து பூசை கேட்டிருக்கேன். ஒவ்வொரு பூசையிலயும் போப் பேரைச் சொல்லி வேண்டியிருக்கேன். எனக்கா தெரியாது?" சரி தாயே.

முடிவு இரண்டு: ஐரீன் "ரொம்ப நல்லது" என்றாள். ஸ்டான் ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு...

இதை முடிக்கவில்லை. அவன் முதுகு வாசலைத் தாண்டுவதை எழுத என் கை வரவில்லை.

முடிவு மூன்று: "கேளுங்கள்! நாமெல்லாம் ஒரே தந்தையின் பிள்ளைகள்," என்று ஐரீன் நிமிர்ந்து...

எனக்கே கொட்டாவி வந்துவிட்டது. மன்னிக்கவும்.

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், என்னைக் கேட்காமலேயே ஐரீன் வாயைத் திறந்தாள்.

"கொஞ்சம் பொறு கண்ணு," என்றாள் போனைப் பார்த்து. பிறகு தம்பி பக்கம் திரும்பினாள். "டேய் ஸ்டான். நீ தின்ன கிழங்குல பன்னிக்கறி இருக்கு."

ஸ்டான் தட்டைப் பார்த்தான். தட்டில் பார்க்க ஒன்றும் மிச்சமில்லை.

"யாரு செஞ்சது?"

 கிளென் முகம் மீன் மாவு நிறத்துக்கு வந்திருந்தது. "ஐரீன், உன் தம்பிகிட்ட சொல்லு... நான் வேணும்னு செய்யல. எங்கம்மா அப்படித்தான்..."

ஸ்டான் அவனை நோக்கித் திரும்பினான். ஐரீனைப் பார்க்கவில்லை. நேராக அவனைப் பார்த்தான்.

"யோவ் மச்சான்! தவக்காலத்து வெள்ளிக்கிழமை, கோவிலுக்குள்ளயே, பன்னிக்கறியாய்யா போடுவ?"

"வெங்காயம் வதக்கத்தான்யா போட்டேன்!"

"இத்தனை வருஷமா இங்க வந்து என்னத்தய்யா பார்த்த?"

"குப்பையத்தான் பார்த்தேன்! அடுப்பங்கரைப் பக்கம் என்னை எங்க விட்ட நீ?"

"ரெண்டு தட்டு தின்னுட்டேன்யா, பாவி!"

"தேவாமிர்தம்னு சொன்னியே!"

"தேவாமிர்தமாத்தான்யா இருந்துச்சு! அதானே பாவம்!"

வெளியே வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். (நானும் நின்றேன்.) உள்ளே இரண்டு கிழவர்கள் முகத்துக்கு முகம் நின்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். ஐரீன் மாவுக் கையோடு சுவரில் சாய்ந்து அழுதாள். திட்டு எதுவும் அவள் காதில் ஏறவில்லை. கிறிஸ்துமஸுக்குப் பிறகு முதல் தடவையாகத் தம்பி வாயிலிருந்து "மச்சான்" என்ற சொல் வந்திருக்கிறது, அதுவும் அவள் வழியாக வரவில்லை. அவளுக்கு அது போதும். அந்த நிமிஷத்துக்கு அது போதும்.

"இப்ப என்னய்யா செய்யறது நான்?" என்றான் ஸ்டான். குரல் இறங்கியிருந்தது.

கிளென் துணியைத் தோளில் போட்டுக்கொண்டான். "போப்கிட்ட கேட்டா மன்னிச்சுடுவாரு."

அடப்பாவி, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டாயா என்று எனக்குப் பதறியது. ஸ்டான் அவனை வெறித்துப் பார்த்தான்.

"மன்னிப்பாரு. எவனா இருந்தாலும் மன்னிப்பாரு. அதாய்யா என் புகாரே."

சொல்லிவிட்டு அவன் வாயோரம் அசைந்தது. சிரிப்பா, கிழங்கில் ஏதோ பல்லில் மாட்டியதா, நின்ற இடத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை. சட்டியில் மீன் கருகிக்கொண்டிருந்தது.

"மேடம்? லைன்ல இருக்கீங்களா?"

எல்லோரும் அந்தப் பெண்ணை மறந்தே போயிருந்தோம்.

"இருக்கேன் கண்ணு," என்றாள் ஐரீன், முழங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"போப்பைப் பத்தி..."

"எங்க வீட்டு ஆளைப் பத்திக் கேட்டா நான் வெளியாள்கிட்ட என்னம்மா சொல்றது? ஒருநாள் கோபம் வரும். ஒருநாள் அழுகை வரும். உடம்புக்கு முடியலன்னு நியூஸ்ல சொன்னா ராத்திரி தூக்கம் வராது. திட்டறதும் நாங்கதான், வேண்டிக்கறதும் நாங்கதான்."

அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் சத்தம். "அதுக்கு இங்க கட்டம் இல்லையே மேடம்."

"அப்ப நீயே பார்த்து ஏதாவது போட்டுக்கோ கண்ணு. சாப்பிட்டியா நீ?"

அந்தப் பெண் எந்தக் கட்டத்தில் போட்டாள் என்று நீங்களும் நானும் ஊகிக்கலாம், செய்தித்தாளின் அந்தக் கடைசி வரி நினைவிருந்தால்.

7

இத்துடன் முடித்திருக்கலாம். தேடி வந்த ஆள் கிடைத்துவிட்டாள். ஆனால் ஐரீனுக்கு நான் தேடி வந்த ஆள் முக்கியமா? அவளுக்கு அடுத்த வெள்ளிக்குச் சட்டி வருமா என்பதுதான் முக்கியம். ஈஸ்டருக்கு எத்தனை தட்டு வைப்பது என்பது முக்கியம்.

கடைசி வரிசையும் போன பிறகு ஐரீன் சட்டிகளை அணைத்தாள். கையைக் கழுவினாள். மேசையைத் துடைத்தாள். கைப்பையைத் திறந்து, காகிதக் கைக்குட்டையைப் பிரித்து, கிறிஸ்துமஸிலிருந்து ஒடிபடாமல் கிடந்த அந்த அப்பத்தை மேசை நடுவில் வைத்தாள். ஓரத்தில் கொஞ்சம் உதிர்ந்திருந்தது.  கிளென் மேசையின் அந்தப் பக்கம் நின்றான். வாளியை இன்னும் கையிலேயே வைத்திருந்தான், பைத்தியக்காரன்.

"அக்கா, நான் கேட்டதுக்கு நீ இன்னும் பதில் சொல்லல," என்றான் ஸ்டான்.

"சொல்லிட்டேன்டா," என்றாள் ஐரீன், அப்பத்தைப் பார்த்துக்கொண்டு.

பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீ இன்னும் இங்க என்ன பண்ற? மீன் தின்னாச்சில்ல? கிளம்பு." நாலு பேர் முன்னால் ஒரு மனிதன் மனசு மாறுவதாக இருந்தால் மாறமாட்டான் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கும் அது புரிந்தது. கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

வாசற்படியிலிருந்து ஒருதரம் திரும்பிப் பார்த்தேன். எழுத்தாளன் புத்தி. ஸ்டான் குழாயைத் திறந்து கைகழுவிக்கொண்டிருந்தான். சோப்பு போட்டு, விரலிடுக்கெல்லாம் தேய்த்து, அவசரமே இல்லாமல் கழுவினான். வெளியே அவன் லாரியின் பின்கதவு திறந்து கிடந்தது. எண்ணெய்க் கையோடு சட்டியைத் தூக்கி ஏற்ற முடியாது, வழுக்கிவிடும். எண்ணெய்க் கையோடு அப்பத்தையும் ஒடிக்கக்கூடாது.

அவன் எதற்காகக் கைகழுவினான் என்பதை நான் எழுதப்போவதில்லை. உங்களுக்கும் ஒரு தம்பியோ அக்காவோ மச்சானோ இருப்பார்கள். நீங்கள் சொல்லுங்கள்.